இந்திய அரசியல் சாசனத்தை எழுதியது யார்? ஓர் எளிய விளக்கம்

ஜனவரி 26 நெருங்கினால் வாட்ஸ்அப்பில் சில செய்திகள் சுற்ற ஆரம்பிக்கும். அம்பேத்கர் தனி ஒருவராக உட்கார்ந்து மொத்தச் சாசனத்தையும் எழுதினார் என்கிறது ஒன்று. அவர் எழுதவே இல்லை, பி.என். ராவ் என்ற அதிகாரி எழுதியதை எடுத்து நீட்டினார் என்கிறது இன்னொன்று. போதாததற்கு மூன்றாவதாக, பத்து நாட்டுச் சாசனங்களை வெட்டி ஒட்டியது என்று ஒரு கேலி. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் "அடிப்படை உரிமைகள் அமெரிக்கா, நெறிமுறைக் கோட்பாடுகள் அயர்லாந்து" என்று ஒப்பிப்பார்கள்.

மூன்றிலும் துளி உண்மை இருக்கிறது. அதனால்தான் வருடா வருடம் திரும்பி வருகின்றன. ஒரு சாசனம் உருவாவதில் மூன்று தனித்தனி வேலைகள் உண்டு: என்ன வேண்டும் என்று முடிவெடுப்பது, அந்த முடிவுக்கு வாசகம் அமைப்பது, அந்த வாசகத்துக்கு ஒப்புதல் தருவது. மேலே சொன்ன செய்திகள் ஒவ்வொன்றும் ஒரு வேலையின் ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கின்றன.

## ஒரு குடியிருப்பும் அதன் பைலாவும்

நாற்பது வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. இத்தனை நாள் பில்டர் நிர்வகித்தார். இப்போது சாவிக்கொத்தைச் சங்கத்திடம் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார். சங்கத்துக்கு பைலா வேண்டும். வாடகைக்கு இருப்பவருக்கு ஓட்டு உண்டா, நாய் வளர்க்கலாமா, கட்டணத்தை யார் நிர்ணயிப்பது என்று பேசி முடிவெடுக்க நாலைந்து பேர் கொண்ட குழுக்கள் உட்காரும். அவர்கள் எடுத்த முடிவுகளை ஒரு வக்கீல் வாசகமாக எழுதித் தருவார். அவர் பக்கத்துத் தெருக் குடியிருப்பின் பைலாவை வாங்கிப் பார்ப்பார். லிஃப்ட் பராமரிப்புக்கு பில்டர் வைத்திருந்த விதி ஒழுங்காக இருந்தால் அதையும் அப்படியே எடுத்துக்கொள்வார். கடைசியில் பொதுக்குழு கூடி வரி வரியாகப் படித்து, சண்டை போட்டு, ஏற்றுக்கொள்ளும்.

இந்த மாதக் கட்டணம் மூவாயிரம் ரூபாய் என்பது அன்றாட முடிவு. அந்தக் கட்டணத்தை யார், எந்தக் கூட்டத்தில், எத்தனை பேர் ஆதரவோடு நிர்ணயிக்கலாம் என்று சொல்வது பைலா. ஒரு நாட்டுக்கு இதே வேலையைச் செய்வது அரசியல் சாசனம். சட்டங்களை யார் இயற்றலாம், எப்படி இயற்ற வேண்டும், எந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்று சொல்லும் சட்டம் அது. அதிலுள்ள ஒவ்வொரு விதிக்கும் பிரிவு என்று பெயர். பின்னால் சேர்க்கும் நீண்ட பட்டியல்கள் அட்டவணைகள்.

இதுவரை சொன்னதன் சாரம்: சாசனம் அன்றாடச் சட்டத்துக்கு மேலே இருக்கும் சட்டம். அது முடிவு, வாசகம், ஒப்புதல் என்று மூன்று கைகள் மாறி உருவாகிறது.

## சபை எங்கிருந்து வந்தது?

இந்தியர்களே தங்கள் சாசனத்தை எழுத வேண்டும் என்ற எண்ணம் 1946இல் திடீரென முளைத்ததல்ல. அடையாறு பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த அன்னி பெசன்ட் முன்னின்று உருவாக்கிய ஒரு மசோதா 1925இலேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது, முதல் கட்டத்தோடு நின்றும் போனது. எல்லோரும் ஒத்துக்கொள்ளும் சாசனத்தை இந்தியர்களால் எழுத முடியுமா என்று பிரிட்டிஷ் அமைச்சர் பர்கன்ஹெட் சவால் விட்டார். அதற்குப் பதிலாக வந்தது 1928இன் மோதிலால் நேரு அறிக்கை. 1934இல் எம்.என். ராய் இதற்கென்றே ஒரு சபை வேண்டும் என்றார். பிறகு காங்கிரஸ் அதைத் தன் கோரிக்கையாக்கிக்கொண்டது.

அப்படிச் சாசனம் இயற்றுவதற்காகவே கூட்டப்படும் அமைப்புதான் அரசியல் நிர்ணய சபை. 1946இல் வந்த பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழுவின் திட்டப்படி, மாகாணச் சட்டசபைகளின் உறுப்பினர்கள் வாக்களித்து இதன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சட்டசபைகளுக்கோ சொத்து, வரி, படிப்பு ஆகியவற்றில் ஏதாவது இருந்தவர்களுக்கு மட்டுமே ஓட்டு இருந்தது. வயது வந்தவர்களில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். "மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த சபை" என்று யாராவது சொன்னால் அது சரியல்ல. அதே சபை எல்லோருக்கும் ஓட்டு என்று எழுதிவைத்தது வேறு கதை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

1946 டிசம்பர் 9 அன்று டெல்லியில் சபை முதல்முறையாகக் கூடியபோது முஸ்லிம் லீக் வரவில்லை. இரண்டு நாள் கழித்து ராஜேந்திர பிரசாத் தலைவரானார். டிசம்பர் 13 அன்று நேரு குறிக்கோள் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். எந்த மாதிரி நாடு வேண்டும் என்ற பொது அறிவிப்பு அது. பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தான் பகுதி இடங்கள் போய், சமஸ்தானங்களின் பிரதிநிதிகளும் சேர்ந்து, சபையின் அளவு 299 என்று ஆனது.

காங்கிரஸ் அதில் மிகப் பெரிய பெரும்பான்மையோடு இருந்தது. பல விஷயங்கள் கட்சிக் கூட்டத்தில் பேசி முடிக்கப்பட்ட பிறகே சபைக்கு வந்தன என்பதும் உண்மை. ஆனாலும் கட்சிக்கு வெளியே இருந்தவர்களின் குரல் கேட்காமல் போய்விடவில்லை. ஆதிவாசிகளுக்காகப் பேசிய ஜெய்பால் சிங் முண்டா, ஏறத்தாழ ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு திருத்தத்தோடு எழுந்த கே.டி. ஷா, உருதுக் கவிஞர் ஹஸ்ரத் மொஹானி எல்லோரும் அங்கே இருந்தார்கள். சென்னை மாகாணத்திலிருந்து போனவர்களில் அம்மு சுவாமிநாதன், துர்காபாய், சபையின் ஒரே தலித் பெண் உறுப்பினரான தாட்சாயிணி வேலாயுதன் ஆகிய பெண்களும் உண்டு.

## மூன்று வேலைகளை யார் செய்தார்கள்?

முடிவெடுக்கும் வேலை 1947இன் முதல் பாதியில் குழுக்களிடம் இருந்தது. மத்திய அரசின் வடிவம் நேரு தலைமையிலான குழுவுக்கு, மாகாணங்களின் வடிவம் படேல் தலைமையிலான குழுவுக்கு. அடிப்படை உரிமைகள், சிறுபான்மையினர் பற்றிய ஆலோசனைக் குழுவுக்கும் படேலே தலைவர். இவர்கள் தந்த அறிக்கைகளைச் சபை விவாதித்து ஏற்றது. சாசனத்தின் முக்கால்வாசிக் கொள்கைகள் இங்கேயே முடிவாகிவிட்டன என்பது என் கருத்து. பள்ளிப் புத்தகங்கள் இந்தக் கட்டத்தை இரண்டு வரியில் தாண்டிவிடுவதால்தான் பின்னால் அவ்வளவு குழப்பம்.

வாசகம் அமைக்கும் வேலை இரண்டு படிகளாக நடந்தது. முதலில் பெனகல் நரசிங்க ராவ். மங்களூரில் பிறந்த ஐ.சி.எஸ். அதிகாரி. சபையில் உறுப்பினர் அல்ல, அதன் சட்ட ஆலோசகர். குழுக்களின் முடிவுகளைக் கோத்து 1947 அக்டோபரில் 243 பிரிவுகளும் 13 அட்டவணைகளும் கொண்ட முதல் வரைவைத் தயாரித்தார். அடுத்த படி வரைவுக் குழு. சபை எடுத்த முடிவுகளுக்கு ஏற்ப வாசகத்தைச் சரிபார்த்துத் திருத்துவதற்காக 1947 ஆகஸ்ட் 29 அன்று அமைக்கப்பட்ட ஏழு பேர் குழு இது. தலைவர் அம்பேத்கர். சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், என். கோபாலசாமி ஐயங்கார், பம்பாயின் கே.எம். முன்ஷி, அசாமின் சாதுல்லா ஆகியோரும் இருந்தார்கள். 141 நாட்கள் உட்கார்ந்து ராவின் வரைவைப் பிரித்து மேய்ந்தார்கள். அவர்கள் தந்த வரைவில் 315 பிரிவுகள், 8 அட்டவணைகள். 1948 பிப்ரவரியில் அது பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்பட்டது.

ஒப்புதல் வேலை முழுக்க சபையுடையது. 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் வரைவைச் சபையில் வைத்தார். முதலில் பொது விவாதம், பிறகு பிரிவு பிரிவாக விவாதம், கடைசியில் முழு ஆவணத்தின் மீது விவாதம். நடுக்கட்டம் மட்டும் ஏறத்தாழ ஒரு வருடம் இழுத்தது. உறுப்பினர்கள் கொடுத்த திருத்தங்கள் சுமார் 7,635. அவற்றில் சபையில் உண்மையில் முன்மொழியப்பட்டவை 2,473. இறுதி வடிவத்தில் 395 பிரிவுகள்.

சுருக்கமாக: கொள்கையைக் குழுக்கள் முடிவு செய்தன, ராவும் வரைவுக் குழுவும் வாசகம் அமைத்தார்கள், சபை ஏற்றது. ஆனால் இந்த மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று எப்படிக் கலந்தன என்பதை ஒரு பிரிவைப் பின்தொடர்ந்தால்தான் பார்க்க முடியும்.

## பிரிவு 21 போன வழி

பிரிவு 21 ஒரு மனிதரின் உயிரையும் சுதந்திரத்தையும் அரசு எப்போது பறிக்கலாம் என்பதைப் பற்றியது. அடிப்படை உரிமைகளுக்கான குழு அமெரிக்க வழியில் போனது. "சட்டத்தின் உரிய நெறி" இன்றிப் பறிக்கக் கூடாது என்று எழுதியது. 1947 ஏப்ரலில் சபையும் அதை ஏற்றது. இந்த வாசகத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அந்தச் சட்டம் நியாயமானதா என்று நீதிபதி கேட்கலாம்.

அங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் இதே வாசகத்தை வைத்துக்கொண்டு நீதிமன்றங்கள் தொழிலாளர் வேலைநேரச் சட்டத்தையும் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தையும் ரத்து செய்திருந்தன. ஜமீன்தாரி ஒழிப்பைக் கையில் எடுக்கவிருந்த நாட்டுக்கு இது நல்ல சகுனமாகத் தெரியவில்லை. 1947 கடைசியில் ராவ் அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரிட்டன் என்று போய் அங்குள்ள நீதிபதிகளையும் சட்ட அறிஞர்களையும் சந்தித்தார். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பெலிக்ஸ் பிராங்க்ஃபர்ட்டர் அவரிடம் இந்த வாசகம் வேண்டாம் என்றே சொன்னார்: மக்கள் பிரதிநிதிகள் இயற்றிய சட்டத்தைச் சில நீதிபதிகள் தடுப்பது ஜனநாயகத்துக்குப் பொருந்தாது என்பது அவர் எண்ணம்.

வரைவுக் குழு வாசகத்தை மாற்றியது. "சட்டம் நிறுவிய நடைமுறைப்படி அன்றி" பறிக்கக் கூடாது என்று ஆனது. இது அப்போது புதிதாக வந்திருந்த ஜப்பானியச் சாசனத்தில் இருந்த வாசகம். கட்டணம் "நியாயமானதாக இருக்க வேண்டும்" என்பதற்கும் "சங்கம் நிர்ணயித்தபடி இருக்க வேண்டும்" என்பதற்கும் பைலாவில் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு வித்தியாசம் இங்கேயும். முன்னதில் நீங்கள் எதிர்த்துக் கேள்வி கேட்கலாம். பின்னதில் ரசீதைப் பார்த்துப் பணம் கட்ட வேண்டியதுதான்.

1948 டிசம்பரில் இது சபைக்கு வந்தபோது காஜி சையது கரிமுதீன் பழைய வாசகமே வேண்டும் என்று திருத்தம் கொடுத்தார். வரைவுக் குழுவைச் சேர்ந்த முன்ஷியே அந்தப் பக்கம் பேசினார். அதே குழுவின் அல்லாடி புதிய வாசகத்தை ஆதரித்தார். குழுவின் தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? நீதிபதிகளிடம் முழு அதிகாரம் தருவதிலும் ஆபத்து, நாடாளுமன்றத்தை முழுதாக நம்புவதிலும் ஆபத்து, இருபக்கமும் பாறை, நடுவில் கப்பல், சபையே முடிவு செய்துகொள்ளட்டும் என்றார் அம்பேத்கர். திருத்தம் தோற்றது.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. 1949 செப்டம்பரில் இன்னொரு பிரிவை முன்மொழிந்தார். கைதானவரிடம் காரணம் சொல்ல வேண்டும், அவர் வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். முந்தைய பிரிவின் மீது வெளியே கடுமையான அதிருப்தி இருக்கிறது, தனக்கும் இருக்கிறது, அதற்கு ஈடாகவே இது என்று வெளிப்படையாகச் சொன்னார். இன்றைய பிரிவு 22 அப்படி வந்தது. அதிலேயே விசாரணையின்றித் தடுப்புக் காவலில் வைக்க அனுமதியும் இருக்கிறது என்பது இன்றைக்கும் பலருக்கு உறுத்தல், எனக்கும்தான்.

இந்த ஒரு கதையில் ஒரு குழு, ஓர் அதிகாரி, ஒரு வெளிநாட்டு நீதிபதி, ஜப்பானிய வாசகம், உள்ளுக்குள்ளேயே பிளவுபட்ட வரைவுக் குழு, முழுச் சபை எல்லாம் வந்துவிட்டார்கள். பிரிவு 21ஐ எழுதியது யார் என்று ஒற்றைப் பெயரில் பதில் சொல்ல முடியாது.

## அப்படியானால் காப்பியா?

வெளிநாடுகளிலிருந்து எடுத்தது உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. உண்மையில் தேர்வுப் பட்டியல்கள் காட்டும் அமெரிக்கா, அயர்லாந்தை விட அதிகமாக எடுக்கப்பட்டது பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலிருந்துதான். மத்திய, மாநில அதிகாரப் பட்டியல்கள், ஆளுநர் பதவி, நெருக்கடி நிலை விதிகள் என்று நிர்வாகப் பகுதி நிறைய அங்கிருந்து வந்தது. பில்டர் வைத்துவிட்டுப் போன லிஃப்ட் விதிதான். இதற்காக மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, சாசனத்தின் அடிப்படைக் கருத்துகளுக்கு யாரும் காப்புரிமை வைத்திருக்கவில்லை என்று 1948 நவம்பர் 4 அன்றே அம்பேத்கர் சபையில் சொல்லிவிட்டார். மைசூரிலிருந்து வந்த கே. ஹனுமந்தையா சமாதானம் ஆகவில்லை. வீணை இசை கேட்க வந்தால் இங்கிலீஷ் பேண்டு வாசிக்கிறார்கள் என்றார். ரசிக்கத்தக்க புகார், பாதி நியாயமும் கூட.

எடுத்ததைவிட மாற்றியதைப் பார்த்தால் படம் தெளியும். 1935 சட்டத்தில் அடிப்படை உரிமைகள் என்று ஒரு பகுதியே கிடையாது. மதவாரித் தனித் தொகுதிகள் இருந்தன, சாசனம் அவற்றை எடுத்தது. தீண்டாமையை ஒழித்து, அதைக் கடைப்பிடிப்பதைக் குற்றமாக்கிய பிரிவு 17 எந்த மேல்நாட்டுச் சாசனத்திலிருந்தும் வந்திருக்க முடியாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய துணிச்சல், 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு. பெரும்பாலானோர் எழுதப் படிக்கத் தெரியாத நாட்டில், படிப்படியாகப் பார்க்கலாம் என்று சொல்லாமல், ஒரே வீச்சில் கொடுத்தார்கள். அதற்கான பிரிவு சபையில் நிறைவேறியது 1949இல். வாக்காளர் பட்டியல் தயாரிக்கும் வேலையோ 1948இலேயே தொடங்கிவிட்டது. வீடு வீடாகப் போன அலுவலர்களிடம் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவானது. அப்படிப் பெயரில்லாமல் பதிவானதால் சுமார் 28 லட்சம் பெண்கள் முதல் தேர்தலில் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். அதன் பிறகும் வாக்காளர்கள் 17 கோடிக்கு மேல்.

## அம்பேத்கரின் பங்கு என்ன?

இதைக் குறைத்துச் சொல்பவர்கள் ஒரு பேச்சைப் படிக்க வேண்டும். 1948 நவம்பர் 5 அன்று சென்னையின் டி.டி. கிருஷ்ணமாச்சாரி சபையில் சொன்னது: வரைவுக் குழுவின் ஏழு பேரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவர் அரசுப் பணிகளில் மூழ்கினார், ஓரிருவர் டெல்லிக்கு வெளியே, உடல்நிலையும் சரியில்லாமல் இருந்தார்கள், கடைசியில் பாரம் முழுக்க அம்பேத்கர் மேல் விழுந்தது. பிறகு கிருஷ்ணமாச்சாரியும் அந்தக் குழுவில் சேர்க்கப்பட்டார்.

வரைவைச் சபையில் தூக்கிப் பிடித்ததும் அம்பேத்கர்தான். ஆயிரக்கணக்கான திருத்தங்களில் எதை ஏற்பது, எதை மறுப்பது என்று காரணத்தோடு பதில் சொன்னவர் அவர். இத்தனைக்கும் அவருக்குச் சபையில் இடம் கிடைத்ததே பெரும்பாடு. 1946இல் வங்கத்திலிருந்து தேர்வானார். பிரிவினையில் அந்த இடம் பறிபோனது. ராஜேந்திர பிரசாத் பம்பாய் முதல்வர் பி.ஜி. கேருக்குக் கடிதம் எழுதி, அங்கிருந்து அவரை மீண்டும் தேர்ந்தெடுக்க வைத்தார்.

கூட்டிச் சொல்பவர்களுக்கு அம்பேத்கரே பதில் சொல்லியிருக்கிறார். 1949 நவம்பர் 25 அன்று, எனக்குத் தரப்படும் பாராட்டின் ஒரு பகுதி பி.என். ராவுக்கும், தலைமை வரைவாளர் எஸ்.என். முகர்ஜிக்கும் அவர் ஊழியர்களுக்கும் சேர வேண்டும் என்றார். சிக்கலான முடிவையும் தெளிவான சட்ட மொழியில் வைக்கும் திறமை முகர்ஜிக்கு இருந்தது என்று தனியாகக் குறிப்பிட்டார். ராவ் பெயரை ரகசியம் போலப் பரப்புகிறவர்கள் அதை அம்பேத்கரே சபையில் சொல்லிவிட்டார் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

## இரண்டு தேதிகள், ஒரு முகப்புரை

முகப்புரை என்பது சாசனத்தின் தொடக்கத்தில் அதன் நோக்கத்தைச் சொல்லும் பத்தி. அதைச் சபை விவாதித்தது கிட்டத்தட்டக் கடைசியில், 1949 அக்டோபர் 17 அன்று. கடவுளின் பெயரால் என்று தொடங்க வேண்டும் என்று எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். 41 பேர் ஆதரவு, 68 பேர் எதிர்ப்பு, தோற்றது. "சமதர்ம", "மதச்சார்பற்ற" என்ற சொற்கள் மூல முகப்புரையில் இல்லை, 1976இல் 42ஆவது திருத்தத்தால் சேர்ந்தவை. மூலத்திலேயே இருந்ததாகச் சொல்வதும் தவறு. அந்தக் கருத்தே யாருக்கும் தோன்றவில்லை என்பதும் தவறு. கே.டி. ஷா 1948 நவம்பரில் இதே சொற்களைப் பிரிவு 1இல் சேர்க்கக் கேட்டார், அம்பேத்கர் மறுத்தார்.

சாசனம் ஏற்கப்பட்டது 1949 நவம்பர் 26. குடியுரிமை, தேர்தல் ஆணையம் போன்ற சில பிரிவுகள் அன்றே நடைமுறைக்கு வந்தன. உறுப்பினர்கள் கையெழுத்திட்டது 1950 ஜனவரி 24, மொத்தம் 284 பேர். முழுதாக அமலானது ஜனவரி 26. 1930இல் காங்கிரஸ் முழுச் சுதந்திர நாளாகக் கொண்டாடிய தேதி என்பதால் அது தேர்ந்தெடுக்கப்பட்டது.

## எழுதி முடித்த கையோடு திருத்தம்

சாசனம் கல்லில் செதுக்கியதல்ல. அதன் பிரிவுகளை மாற்றும் வழி பிரிவு 368இல் இருக்கிறது. சாதாரணச் சட்டத்தைவிடக் கூடுதல் பெரும்பான்மை கேட்கும் அந்த மாற்றத்துக்குத்தான் சாசனத் திருத்தம் என்று பெயர்.

முதல் சோதனைகள் பலவும் நம் ஊரிலிருந்தே போயின. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாகாணத்தில் தடுப்புக் காவலில் இருந்தபடி பிரிவு 21ஐக் கையில் எடுத்தார். சபை வேண்டுமென்றே கைவிட்ட வாசகத்தை மீண்டும் உள்ளே கொண்டுவர முடியாது என்ற வழியில் 1950 மே மாதம் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை தீர்ப்பளித்தது. 28 வருடம் கழித்து, மேனகா காந்தி வழக்கில், நடைமுறை என்றால் அது நியாயமானதாகத்தான் இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. சபையில் தோற்ற கருத்து வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது.

இன்னொன்று செண்பகம் துரைராஜன் வழக்கு. மருத்துவம், பொறியியல் கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பிரித்த சென்னை மாகாணத்தின் கம்யூனல் ஜி.ஓ. புதிய அடிப்படை உரிமைகளுக்கு எதிரானது என்று தொடரப்பட்டது. அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட பொறியியல் மாணவரின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர், வரைவுக் குழுவில் இருந்த அதே அல்லாடி. 1951 ஏப்ரலில் ஜி.ஓ. செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பெரியாரும் திராவிட இயக்கமும் மாகாணமெங்கும் போராட்டம் நடத்தினார்கள். பேச்சுரிமை, நிலச் சீர்திருத்தம் பற்றிய வேறு தீர்ப்புகளும் அரசுக்கு நெருக்கடி கொடுத்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் சேர்த்து 1951 ஜூனில் முதல் திருத்தம் நிறைவேறியது. சமூக ரீதியாகவும் கல்வியிலும் பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு அனுமதி தரும் பிரிவு 15(4) அப்படித்தான் உள்ளே வந்தது. அப்போது முதல் பொதுத் தேர்தல்கூட நடந்திருக்கவில்லை. திருத்தத்தை நிறைவேற்றியது தற்காலிக நாடாளுமன்றம், அதாவது பெயர் மாறிய அதே அரசியல் நிர்ணய சபை. சட்ட அமைச்சராக அதை ஆதரித்துப் பேசியவர் அம்பேத்கர். எதிர்த்து நின்றவர்களில் சாசனம் இயற்றிய சபையில் அவருடன் உட்கார்ந்திருந்த சியாமா பிரசாத் முகர்ஜியும் ஒருவர்.